மீன் இல்லாத தொட்டி

என் கணவர் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபரேட்டர். கல்யாணமான முதல் நான்கு வருஷங்களில் நாங்கள் சேர்ந்திருந்தது சில மாதங்கள்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். இரண்டு பக்கமும் தறி வீடுகள். விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் சத்தம் போடுவது ஒன்றே ஒன்று, மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார்.

அந்தத் தொட்டியை அவர் ஒரு விடுமுறையில் செய்தார். கடல் தண்ணீர்த் தொட்டி. ராமேஸ்வரம் பக்கம் போய் மூன்று மீன்கள் கொண்டுவந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை இரண்டு, முழுக்க மஞ்சளாக ஒன்று. மகாபலிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து தெருத்தெருவாகக் கருவாடு விற்கும் அம்மா ஒருத்தி, கேனில் கடல் தண்ணீரும் மீன்களுக்குக் கொஞ்சம் இறாலும் கொண்டுவந்து கொடுப்பாள்.

அந்தப் பொங்கல் கழிந்து அவர் கிளம்பும்போது சொன்னார்: "புதுசா மீன் எதுனா வந்தா நேரா தொட்டியில விட்டுடாத. நாப்பது நாள் வாளியில தனியா வை. அம்மை கண்ட கப்பலைத் துறைமுகத்துக்குள்ள விடாம வெளியவே நிறுத்தி வெப்பாங்க. அந்த மாதிரி."

சரி என்றேன்.

பங்குனியில் ஒருநாள் கருவாட்டுக்கார அம்மா கேனை இறக்கிவைத்துவிட்டு, மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே கறுப்பு வரி போட்ட சின்ன மீன் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.

"வலையில வந்துச்சுமா. உன் நெனப்பு வந்துது, எடுத்துக்கினு வந்துட்டேன்."

சமையலறை மூலையில் வாளியில் விட்டேன். மோட்டாரிலிருந்து இன்னொரு குழாய் இழுத்துக் காற்று விட்டேன். மறுநாளே அவருக்குக் கடிதம் எழுதினேன், புது மீன் வந்திருக்கிறது, வாளியில்தான் இருக்கிறது என்று.

அந்த மீன் சாப்பிடவில்லை. வாளிச் சுவரைப் பார்த்தபடி ஒரே இடத்தில் நின்றது. நான் தட்டு போட்டுக்கொண்டு உட்காரும் இடம் அந்த வாளிக்கு எதிரே. எனக்கும் சோறு இறங்கவில்லை. அந்த வாளி மாதிரி ஒரு வீட்டில் தனியாக நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் அதை எடுத்துத் தொட்டியில் விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே அது மற்ற மீன்களோடு சேர்ந்து இறால் தின்றது. அதை நான் அவருக்கு எழுதவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மஞ்சள் மீன் உடம்பை அடிக்கடி கல்லில் தேய்த்தது. கிட்டே போய்ப் பார்த்தால் துடுப்பெல்லாம் ரவையைத் தூவினமாதிரி வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் பட்டை மீன்களுக்கும் வந்தது. மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். கம்பவுண்டர் நல்ல மனுஷர், சிரிக்கவில்லை.

"மீனுக்கு எங்ககிட்ட மருந்து இல்லமா. மனுஷாளுக்குன்னாலும் ஒன்னு ரெண்டு சொல்லுவேன்" என்றார்.

நாலாம் நாள் புள்ளிகள் தாமாகவே மறைந்தன. போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு ஒரு காலையில் பார்த்தால், முன்பு பத்துப் புள்ளி இருந்த இடத்தில் நூறு இருந்தது. மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் திணறின. மஞ்சள் மீன் அன்றே செத்தது.

அடுத்த நாள் தபாலில் அவருடைய பதில் வந்தது. என் கடிதம் கையில் கிடைத்த அன்றே எழுதியிருந்தார். வாளியில் வைத்தது நல்லது, பாவம் பார்க்காதே என்று தொடங்கியிருந்தது. வராத ஆபத்துக்கும் வழி எழுதிவைக்கிறவர் அவர். 'ஒருவேளை வெள்ளைப் புள்ளி வந்தால், அது ஒரு பூச்சி. புள்ளி உதிர்ந்ததும் குணமாகிவிட்டது என்று நம்பாதே. அது அடிமணலில் விழுந்து, பல்கிப் பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். எல்லா மீனையும் வெளியே எடுத்துவிடு. இரண்டு வாளி வைத்துக்கொண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைப் புதுத் தண்ணீருக்கு மாற்று. காலி வாளியைக் கழுவி வெயிலில் காய வை. தொட்டியில் இரண்டு மாதம் மீனே இருக்கக் கூடாது. மீன் இல்லாவிட்டால் பூச்சி பட்டினியில் சாகும்.' கடைசி வரியில், உடம்பைப் பார்த்துக்கொள் என்று இருந்தது.

நான் மறைத்தது தெரியாமல் எழுதிய கடிதம். சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துச் சிவப்பு வாளி ஒன்று, நீல வாளி ஒன்று கழுவினேன்.

கருவாட்டுக்கார அம்மாவிடம் இரண்டு மடங்கு தண்ணீர் கேட்டேன்.

"இன்னாமா, கடலையே காஞ்சிபுரத்துக்குக் கொண்டாந்துடுவ போல கீது" என்றாள். ஆனால் ஒரு நடைகூடத் தவறாமல் கொண்டுவந்தாள்.

மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். சிவப்புக்கு ஒரு வலை, நீலத்துக்கு ஒரு வலை. ஒரு வாளியில் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இன்னொன்றில் வைக்கமாட்டேன். முதல் மாற்றத்துக்குள்ளேயே பட்டை மீன் ஒன்று போய்விட்டது. மற்ற பட்டை மீனும், நோயைக் கொண்டுவந்த வரி மீனும் மிஞ்சின. நான்கைந்து தடவை மாற்றியதும் உடம்பு சுத்தமானது. பிறகு புள்ளி வரவே இல்லை.

தொட்டியின் மோட்டாரை நிறுத்தவில்லை. உப்பு வற்றாது என்பதால், தினமும் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றினேன். உள்ளே கல்லும் மணலும் வெளிச்சமும்தான். முன்பெல்லாம் பக்கத்துத் தறி வீட்டுப் பெண் வாரம் ஒருநாள் பாவு நூல் வேலை முடிந்ததும் மீன் பார்க்க வந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பாள். ஒரு தடவை வந்து காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு, "மீன் விட்டதும் சொல்லுக்கா" என்று போனாள். அவள் வருவது நின்றதும்தான், வாரத்தில் நான் வாய்திறந்து பேசியதே அந்த ஒரு மணி நேரம்தான் என்று தெரிந்தது. நானும் அவளைப் போய்க் கூப்பிடவில்லை.

ஆடி பிறந்தபின் இரண்டையும் தொட்டியில் விட்டேன். கார்த்திகையில் அவர் வந்தார். பெட்டியை வைத்துவிட்டு நேரே தொட்டிக்குப் போனார்.

"மத்ததுங்க எங்க?"

"வெள்ளைப் புள்ளி வந்து செத்துடுச்சிங்க. புது மீனு வாளியில தனியா நிக்குதேன்னு இருந்துது. அஞ்சாம் நாளே எடுத்து விட்டுட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பொழைச்சதே பெரிசு. கைதேர்ந்தவங்களுக்கே போயிடும்" என்றார். பிறகு மோட்டார் சத்தம் மாறியிருக்கிறதே என்று அதைக் கழற்ற உட்கார்ந்தார். நான் ஏன் ஐந்து நாளுக்கு மேல் பொறுக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காபி போட உள்ளே போனேன்.

அடுத்த பயணத்துக்கு முன்னால், "உனக்கு ரொம்ப வேலையா இருக்குது. இதை யாருக்காவது குடுத்துடலாமா?" என்றார்.

"வேணாம். இருக்கட்டும்" என்றேன்.

வரி மீன் அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தது. அது செத்த சேதியைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதினேன். அந்தக் கடிதம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. கப்பல் மாறியிருந்தார்.