அடுத்த வருஷம்

மிக்ஸி வந்த பெட்டியின் டேப்பை அவர் ஓரத்திலிருந்து நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். கத்திரிக்கோலை நீட்டிய மனைவியை, கொலை செய்ய வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அதெல்லாம் வேணாம். அட்டை கிழிஞ்சிட்டா, ஊருக்குத் திரும்பப் போகும்போது எதுல வெச்சுக் கொண்டுபோறது?" வெளியே வந்த மிக்ஸியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தெர்மாகோல் துண்டுகளை வந்த வரிசையிலேயே உள்ளே அடுக்கி, மூடி, ஹாலின் மூலையில் கூரையைத் தொடப்போகும் பெட்டிக் குவியலின் உச்சியில் ஏற்றி வைத்தார். அப்புறம்தான் மனிதருக்கு மூச்சே வந்தது.

நான் எதிர் வீட்டுக்காரன். எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசுகிற நான்கைந்து குடும்பங்கள் உண்டு. எல்லோருமாகச் சேர்ந்து அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அடுத்த வருஷம்'. எப்போது ஊர் திரும்பப் போகிறீர்கள் என்று யார் கேட்டாலும் வரும் பதில் அது. "அடுத்த வருஷம் சார். முடிவு பண்ணியாச்சு." இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்றே அப்படித்தான் சொன்னாராம். அன்றைக்கு மனைவி வயிற்றில் இருந்த மகள், இப்போது அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

நாளைக்கே கிளம்பப் போகிறவர் வீட்டில் என்ன இருக்குமோ அதுதான் அந்த வீட்டிலும் இருக்கும். சுவரில் ஓர் ஆணி கிடையாது. கடிகாரம் அலமாரி மேல் சாய்ந்து கிடக்கிறது; மணி பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைச் சாய்க்க வேண்டும். சோபாவின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால், விருந்தாளியின் மானத்தை வாங்கும்படி ஒரு சத்தம் வரும். ஜன்னலோரம் பூச்செடி வைக்கலாமே என்று மனைவி ஆசையாகக் கேட்டபோது, பெரிய மனது பண்ணி அனுமதி கொடுத்தார். "கொத்தமல்லி போடு. ஒரு மாசத்துல அதுவே முடிஞ்சிடும். வருஷக்கணக்கா வளர்றதெல்லாம் நமக்கெதுக்கு?"

வேலை, ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு. தகரக் கொட்டகை, அதில் ஒரு கம்பி ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் இவர். புதுக் கையுறை வேண்டுமென்றால் பழையதை நீட்ட வேண்டும். ஒரு கையில் மட்டும் ஓட்டை என்றால் அந்தக் கைக்கு மட்டும்தான் புதிது. அவர் கம்பெனித் தொழிலாளர்களை எந்தத் தெருவிலும் அடையாளம் கண்டுவிடலாம்; இடது கை மஞ்சளாக இருக்கும், வலது கை நீலமாக இருக்கும். முதலாளிக்கு இவர்மேல் அப்படி ஒரு பிரியம். இருக்காதா பின்னே?

இந்த ஊர்ப் பேச்சில் அவருக்கு 'எவ்வளவு', 'வேண்டாம்', 'நாளைக்கு' என்ற மூன்று சொற்கள் தெரியும். மூன்றையும் வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். மற்றதற்கெல்லாம் மகள் இருக்கிறாள். குழாய் ரிப்பேர்க்காரரிடம் சண்டை போடுவதும், டாக்டரிடம் அப்பாவின் வாயுத் தொல்லையை விளக்குவதும் அவள்தான். அவள் பேசுவதைப் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்ப்பார். வெளியே வந்ததும், "எதுக்கு இவ்ளோ கத்துக்கற? போகப் போற ஊர்ல இது செல்லாது" என்பார்.

அந்த டிவி கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வந்த புதிதில் வாங்கிய டிவி ஒரு நாள் புகைந்து அடங்கியது. டிவியைக் குப்பையில் போட்டுவிட்டு, அதன் பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். எதற்கு சார் என்று கேட்டேன். "டிவிதானே போச்சு? பெட்டி நல்லாத்தானே இருக்கு!" இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

சிரிப்பெல்லாம் இதுவரைக்கும்தான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு படுக்கையறை. மகள் படுப்பது ஹாலில், அந்த பிளாஸ்டிக் சோபாவில். உடை மாற்றக் குளியலறை, படிக்கச் சாப்பாட்டு மேஜை, அழுவதற்கு எங்கள் வீட்டு பால்கனி. மாடியில் இரண்டு அறை வீடு ஒவ்வொரு முறை காலியாகும்போதும் அவருடைய மனைவி கெஞ்சுவார். இவரும் மாடியேறிப் போய், சுவரைத் தட்டிப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, இறங்கி வருவார். "நல்ல வீடுதான். ஆனா அடுத்த வருஷம் கிளம்பப் போறோம், இப்பப் போய் எதுக்கு?" வேறு யாராவது அந்த வீட்டில் பால் காய்ச்சுவார்கள், இவர் போய் வாழ்த்திவிட்டு, அவர்களுடைய ஃப்ரிட்ஜ் பெட்டியை வாங்கி வருவார். எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் மகளின் பள்ளித் தோழி ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து படிக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். "உன் ரூம்ல படிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். இவளும் வாய் தவறி, சரி என்றுவிட்டாள். அன்று மாலை எங்கள் பால்கனியில் நின்று, "ரூமை எங்கேருந்து மாமா கொண்டு வருவேன்?" என்று கேட்டாள். அப்பாவிடம் கேளேன் என்றேன். "கேட்டேன். சோபாவையே நல்லாத் தொடைச்சு வெச்சுக்கோன்னு சொல்லிட்டார்."

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் தடதடவென்று சத்தம். சாயங்காலம் அவர் மனைவி வந்து கதவைத் தட்டினார். "அண்ணா, அவர் வர்ற நேரம். நீங்க கொஞ்சம் வந்து உக்காருங்க. வெளி ஆள் இருந்தா கத்த மாட்டார்." போனேன். போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஹாலின் மூலையில் ஓர் அறை இருந்தது. சுவர்கள் எல்லாம் அவருடைய பெட்டிகள். வாஷிங் மெஷின் பெட்டி ஒரு பக்கம், அதன்மேல் மின்விசிறிப் பெட்டிகள், அந்தப் புகழ்பெற்ற டிவி பெட்டி ஜன்னலாக. ஃப்ரிட்ஜ் பெட்டியை நிறுத்தி, நடுவில் கத்தியால் வகிர்ந்து, கதவு வைத்திருந்தார்கள். அதுவும் தலைகீழாக, 'இந்தப் பக்கம் மேலே' என்று காட்டும் அம்பு தரையைக் காட்டியது. உள்ளே விளக்கு எரிந்தது. மகள் உள்ளே இருந்தாள்.

அவர் வந்தார். சோற்றுப் பையைக் கீழே வைத்தார். வெட்டிய அட்டையைத் தடவிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"யாரு வெட்டினது?"

"நான்தான்" என்றார் மனைவி. "இவ வயித்துல இருக்கும்போது அடுத்த வருஷம்னீங்க. இப்ப என் உசரத்துக்கு வந்துட்டா. எந்தப் பெட்டியில வெச்சு இவளைக் கொண்டுபோகப் போறீங்க? சொல்லுங்க, அதை மட்டும் வெட்டாம வெச்சிருக்கேன்."

நான் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் அந்த உறை சத்தம் போட்டுவிடும். அவர் என்னைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அதுவும் கழுத்தைச் சாய்த்து. பிறகு சட்டைப் பையிலிருந்து டேப் உருளையை எடுத்தார். எப்போதும் அவரிடம் இருக்கும். சரிதான், வெட்டியதை ஒட்டி மறுபடி பெட்டியாக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. கதவின் வெட்டு விளிம்பு கையைக் கிழிக்காதபடி, மேலிருந்து கீழ்வரை டேப்பை மடித்து ஒட்டினார். அம்பு தலைகீழாக இருப்பதைப் பார்த்தார், அதைத் தொடவில்லை.

அப்புறம் விரலை மடக்கி, அட்டைக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார். "அப்பா வந்திருக்கேம்மா. உள்ள வரலாமா?"

உள்ளிருந்து குரல் வந்தது. "அடுத்த வருஷம் பாக்கலாம்பா."

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் நகரவில்லை. காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் மெதுவாக, மறுபடி தட்டினார்.