‘ம்’ என்று மட்டும் சொன்னேன்

என் தங்கை குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனபோது அவள் மகனுக்குப் பத்து மாதம். பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம். அவள் புருஷன் பசறை டவுனில் ஆட்டோ ஓட்டுபவர். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், பிள்ளையில்லை. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் வந்து போவார். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கொண்டுவந்து விடுகிற குழந்தைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்கிற இடம் அது. அதனால் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற பேச்சே எழவில்லை. தங்கை அவனை என் இடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

அவன் பேச ஆரம்பித்தபோது ‘பெரியம்மா’ என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் வாயில் ‘ம்மா’ மட்டும்தான் நின்றது. நான் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீடியோ கால் எடுப்பாள். போனைப் பிடித்திருப்பது நான். அவன் அந்த முகத்தை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அப்போது போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பேன், கட்டிக்கொள்வது அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. சில வாரம் அவன் தானாகவே “போன், போன்” என்று கேட்பான். சிக்னல் இல்லை என்று சொல்லிவிடுவேன். சிக்னல் இருக்கும்.

மூன்று வருடம் போவதற்குள் தங்கை வந்துவிட்டாள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கிய அன்று அவன் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவள் கை நீட்டினாள். அவன் அழுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, பரவாயில்லை, போகப் போகப் பழகிவிடும் என்று நான் ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு இனித்தது.

ஆனால் அவளுக்குப் பொறுமை இருந்தது. பிள்ளையைத் தூக்க முயற்சி பண்ணவே இல்லை. வாசலில் உட்கார்ந்து தோடம்பழத்தை உரித்து, சுளையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். நாலாவது நாள் அவன் போய் எடுத்தான். பத்தாவது நாள் மடியில் உட்கார்ந்தான். இரண்டு மாதத்தில் அவளோடு தூங்க ஆரம்பித்தான். ஒரு நாள் காலை அவனைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிப்போக வழக்கம்போல அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“இனி எதுக்குக்கா? நான்தான் வீட்ல இருக்கேனே” என்றாள் தங்கை. அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அவன் சொன்னான்: “பெரியம்மா, போயிட்டு வாங்க.”

முழு வார்த்தையும் தெளிவாக வந்தது. அன்று நாள் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டே அந்த ஒரு சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கைக்கு எல்லாமே லேசாகக் கிடைக்கிறது என்று தோன்றியது. நிறம், நல்ல புருஷன், கல்யாணமான வருடமே பிள்ளை. விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தாலும் அவளுக்கென்று எல்லாம் காத்துக்கொண்டிருக்கிறது. குவைத்தில் அவள் எத்தனை வீட்டுத் தரையைத் துடைத்தாள், எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கினாள் என்று நான் கேட்டதே இல்லை.

அந்த வருடம் ஆகஸ்டில் மொனராகலையில் ஒரு கல்யாணம். தங்கை புருஷனின் சொந்தம். அவர் தன் கூட்டாளி ஒருவரின் காரை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்திருந்தார். நாங்கள் நாலு பேரும் புறப்பட்டோம்.

வளைவுகளில் பிள்ளைக்கு வாந்தி வரும் என்று தெரிந்து ஒரு தேசிக்காயைக் கைப்பையில் வைத்திருந்தேன். அவன் வாந்தி எடுத்தபோது முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன். என் கையைத் தள்ளிவிட்டு, “அம்மாதான்” என்றான். தங்கை என் கையிலிருந்து காயை வாங்கி அவன் மூக்கில் வைத்தாள். அவன் அமைதியாகி அவள் மடியில் தலையும் என் மடியில் காலுமாகத் தூங்கிப்போனான். மலையை விட்டு இறங்க இறங்கக் காற்று சூடேறியது. தங்கை புருஷன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டார்.

மண்டபத்துக்கு முன்னால் ஒரு மரம்கூட இல்லாத வெறும் மைதானத்தில் காரை நிறுத்தினார். யாரோ கூப்பிட, பரிசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனார். தங்கை பிள்ளையின் தலையைச் சீட்டில் மெதுவாக வைத்துவிட்டு இறங்கினாள். புதுச் சேலையின் கொசுவம் கலைந்திருந்தது. அதைச் சரிசெய்வதற்குள் சொந்தக்காரப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். குவைத்திலிருந்து வந்தவளைப் பார்க்க அத்தனை பேருக்கும் ஆசை. அவர்கள் இழுத்துக்கொண்டு போகும்போது அவள் தோளுக்கு மேலாகத் திரும்பி, “அக்கா, புள்ள…” என்றாள்.

நான் “ம்” என்றேன்.

பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அவன் காலை என் மடியிலிருந்து நகர்த்தி வைத்தேன். இறங்கினேன். அவன் எழுந்துவிடக் கூடாதென்று கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். மண்டப வாசலிலிருந்து தங்கை புருஷன் சாவியை அழுத்தினார். கார் ஒரு தரம் கீச்சிட்டுப் பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளை எங்களில் ஒருத்தியிடம் இருக்கிறான் என்று அவர் நினைத்திருப்பார். அவன் விழித்து அழுவான், யாராவது பார்ப்பார்கள், யாருடைய பிள்ளை என்று கேட்பார்கள், அவள் தலைகுனிந்து ஓடி வரட்டும் என்று நினைத்தேன். அம்மாதானே வேண்டும் அவனுக்கு, அம்மாவே வந்து தூக்கட்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில்தான் நினைத்தேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. எங்கள் மலையில் வெயில் என்றால் பிள்ளைகளைக் கொண்டுபோய் உட்கார வைத்துக் குளிர் காய வைக்கிற விஷயம். கார் சூடேறும் என்று அங்கே யாருக்கும் தோன்றாது. ஆனால் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிற எங்களுக்குப் பதுளையில் இரண்டு நாள் பயிற்சி நடந்தபோது, சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களுடையதைவிட வேகமாகச் சூடேறும், பூட்டிய வாகனத்தில் கொஞ்ச நேரம்கூடத் தனியே விடாதீர்கள், பல ஊர்களில் பிள்ளைகள் இப்படித்தான் செத்திருக்கிறார்கள் என்று ஒரு மருத்துவிச்சி சொன்னார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கொப்பியில் எழுதியிருந்தேன்.

மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது. தங்கை எதிர்ப்பக்கத்தில் பெண்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது நினைவு வரும் என்று பார்த்தேன். அவளுக்கு நினைக்க என்ன இருந்தது? பிள்ளையை என்னிடம் விட்டிருந்தாள்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். கை கழுவ வெளியே வந்து குழாய்க்குப் பக்கத்திலிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்தேன். உள்ளங்கை சுட்டு, கையை உதறினேன். அப்போதுதான் காருக்குள் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. அரை மணி நேரம் இருக்கும். ஓடினேன்.

அவன் பின்சீட்டில் இல்லை. முன்னால், டிரைவர் சீட்டில் ஸ்டியரிங்குக்குக் கீழே சாய்ந்து கிடந்தான். ஊர்ந்து போயிருக்கிறான். முகம் செக்கச் சிவந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியை அடித்தேன். கதவை இழுத்தேன். என் கத்தலைக் கேட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் டயர் கடையில் இருந்த ஒரு சிங்கள மனுஷர் சக்கரம் கழற்றும் இரும்புச் சாவியோடு ஓடிவந்து மறுபக்கக் கண்ணாடியை உடைத்தார். உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்ததுபோல அனல் வந்தது. பிள்ளையைத் தூக்கியதும் அவரே குழாயடிக்கு ஓடித் தண்ணீரை அவன் மேல் ஊற்றினார். அதற்குள் தங்கை வந்துவிட்டாள். அவள் கத்தவில்லை. செருப்பில்லாத காலோடு நின்று, “அக்கா, அக்கா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவனுக்கு வலிப்பு வந்தது. ஊசி போட்டு, ஈரத்துணி சுற்றி, விசிறியை அவன் மேல் திருப்பி வைத்தார்கள். பிள்ளையோடு இருந்தது யார் என்று டாக்டர் கேட்டார். “நான்தான் அம்மா” என்றாள் தங்கை. பொலிஸ்காரர் ஒருவர் வந்து அதையே எழுதிக்கொண்டார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் அவளிடம், “மூணு வருஷம் இல்லாமயே இருந்து பழகிட்ட. புள்ள ஞாபகம் எப்புடி வரும்?” என்றார். கல்யாண வீட்டிலிருந்து வந்த பெண்களும் கிட்டத்தட்ட அதைத்தான் பேசினார்கள், கொஞ்சம் மெதுவாக.

தங்கை என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நான் ஒங்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்? சொன்னேனா? எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது.”

“இல்ல” என்றேன்.

அவள் நம்பினாள். தன்னையே சந்தேகப்பட்டு என்னை நம்பினாள்.

மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, தப்பிவிட்டான் என்றார் டாக்டர். பொலிஸில் தங்கையை எச்சரித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் தங்கை புருஷன், “இனிமே அவன் பெரியம்மாகிட்டயே இருக்கட்டும்” என்றார்.

பிள்ளை மறுபடியும் என் வீட்டில் தூங்கினான், என் கையால் சாப்பிட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நாட்களை நினைத்தால் குற்ற உணர்ச்சிதான் இருந்தது என்று எழுத ஆசை. அப்படியில்லை. முதல் சில வாரம் சந்தோஷம்தான் அதிகம்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் பதுளைக் கோயிலுக்குப் போனேன். “பிள்ளையைப் பாக்குறதுல கவனக்குறைவா இருந்துட்டேன் சாமி” என்றேன். அங்கேயும் பொய்தான் சொன்னேன் என்பது பஸ்ஸில் திரும்பும்போது உறைத்தது.

தங்கை வேறு ஆளாகிவிட்டாள். பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால், “தூக்கலாமாக்கா?” என்று கேட்பாள். தனியே குளிக்க வைக்க மாட்டாள். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அடுப்பை அணைத்தேனா, கதவைச் சாத்தினேனா என்று நாலு தரம் வந்து பார்ப்பாள். பிறகு ஒரு நாள் காலையில் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: “ஏஜென்ட்ட பாத்துப் பேசிட்டேன். திரும்பப் போறேன். அவன் ஒங்கிட்டதான் பத்தரமா இருப்பான்.”

நான் கேட்க விரும்பியது முழுவதையும் அவள் சொல்லிவிட்டாள். அவன் எனக்கு. போன் என் கையில். பீலித் தண்ணீர் கல்லில் விழுந்துகொண்டிருந்தது. என் கையில் அவனுடைய சின்னச் சட்டை.

“நீ சொன்ன” என்றேன்.

“என்ன?”

“மொனராகலைல எறங்குறப்ப. ‘அக்கா, புள்ள’ன்னு திரும்பிச் சொன்ன. நான் ‘ம்’னேன். கேட்டுச்சு எனக்கு. கேட்டுக்கிட்டுத்தான் விட்டுட்டுப் போனேன்.”

அவள் முறுக்கிக்கொண்டிருந்த சேலையைக் கீழே விட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

“அப்ப நான் மறக்கல” என்றாள். கல்லில் உட்கார்ந்து மறுபடியும் சொன்னாள், “நான் மறக்கல.” பிறகு முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அந்த அழுகையில் கோபம் இல்லை. கோபம் பிறகுதான் வந்தது. முகத்தைக் கழுவிவிட்டுக் கேட்டாள்: “ஏன்க்கா?”

“அவன் ஒன்னைய அம்மான்னு கூப்புட்டான்.”

“நான் அவன் அம்மாக்கா.”

அவள் ஈரத் துணிகளை வாளியில் போட்டாள், என் கையிலிருந்த சின்னச் சட்டையையும் வாங்கிக்கொண்டாள், மேலே நடந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் புருஷனிடம் நானே சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தங்கை பக்கம் திரும்பி, “நான் சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்காத” என்றார். ஒரு மாதத்துக்குள் பதுளை டவுனில் ஒரு வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் குவைத்துக்குப் போகவில்லை. நான் பிள்ளைக் காம்பராவை விட்டு நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை, யாருக்கும் விஷயம் தெரியாது. வேறு தாய்மாரின் பிள்ளைகளைக் கையில் வாங்க முடியவில்லை, அவ்வளவுதான். இப்போது கொழுந்து பறிக்கிறேன்.

ஒரு வருடம் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. பிறகு தங்கையே நத்தாருக்குக் கூப்பிட்டாள். அதிலிருந்து வருடத்துக்கு மூன்று, நாலு தரம் போகிறேன். நான் இருக்கும்போது அவள் அறையை விட்டு வெளியே போவதில்லை. குசினியில் அடுப்பைப் பார்க்கப் போனாலும் அவனையும் கூப்பிட்டுக்கொண்டு போவாள். அவள் செய்வது சரி. நான் அவள் இடத்தில் இருந்தால் வாசலிலேயே ஏற்றியிருக்க மாட்டேன்.

பொறாமை போய்விட்டதா என்று என்னையே கேட்டுக்கொள்வதுண்டு. போகவில்லை. அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போட்டுவிட்டு நேரே அவளிடம் ஓடும்போது நெஞ்சுக்குள் அதே இடத்தில் குத்துகிறது. இப்போது அது வரும்போது எனக்குத் தெரிகிறது. வந்தால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சென்ற மாதம் அவன் பிறந்தநாள். கேக் வெட்டி முடிந்து நான் புறப்படும்போது, “பெரியம்மா, நீங்க ஏன் எங்க வீட்ல தங்க மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை சொன்னாள்: “பெரியம்மாவுக்கு நாளைக்கு வேல இருக்குப்பா.” மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேலை கிடையாது. அவளுக்கும் அது தெரியும். ஒரு துண்டு கேக்கைத் தாளில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பசறை பஸ் நிற்கிற இடம்வரை அவனையும் கையில் பிடித்துக்கொண்டு கூட வந்தாள்.