உள்ளே துணி விட வேண்டாம்

நடக்காத ஒன்றை எழுத எனக்கு வராது. பதினேழு வருஷமாகத் தையல்காரி நான். டேப்பைக் கையில் எடுத்தால் அடுத்த நிமிஷம் நோட்டில் குறிக்கிற பழக்கம். கீழே வருகிற தேதி, நேரம் எல்லாம் அந்த நோட்டில் பென்சிலில் இருக்கின்றன. அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தஞ்சாவூர் கரந்தையில் என் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரே அறை. அதில் நானும் என் தங்கை செம்மொழியும். அப்பா அம்மா இல்லாத வீடு, அவளை நான்தான் வளர்த்தேன். அவளுக்கு இருபத்து நாலு வயது. 2023 ஜூலை பதினேழு, திங்கட்கிழமை, பட்டுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர வேண்டும். கரும்பலகைக்குப் பழகுகிறேன் என்று என் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களை எல்லாம் உருண்டை உருண்டையாக எழுதி நிரப்பியிருந்தாள். அந்தத் திங்கட்கிழமை வரைக்கும் அவள் இருந்திருந்தால் போதும். இன்றைக்கும் நான் கேட்பது அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ஸ்ரீரஞ்சனி என்று ஒரு பெண் வந்தாள். பழைய துணிமணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்துப் பெண்கள் போட்ட ரவிக்கைகளை, அந்தக் காலத்துக் காகித வெட்டுகளை வைத்தே மறுபடி தைத்துக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னாள். பழைய சாமான் கடையில் அவளுக்கு ஒரு தகரப் பெட்டி கிடைத்திருந்தது. உள்ளே காக்கித் தாளில் வெட்டிய பதினோரு ரவிக்கைகள். யாரோ ஒரு தையல்காரர் தன் வாடிக்கைக்காரிகளுக்காக வெட்டி, ஊதா பென்சிலால் அளவு எழுதி, ஊக்குக் குத்தி வைத்தவை. பெயர் எதிலும் இல்லை.

"பொம்மைக்குப் போட்டா எதுவும் உக்கார மாட்டேங்குதுக்கா. அந்தக் காலத்துத் தோள் அவ்வளவு குறுகல்" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"எனக்குப் போட்டுப் பாருங்க. எவ்வளவு தின்னாலும் தேறாத உடம்பு இது" என்றாள் செம்மொழி.

மூன்று வாரத்தில் பத்து ரவிக்கைகள் முடிந்தன. பலூன் மாதிரி உப்பிய கை, கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த லேஸ், முழங்கைக்குக் கீழே வரைக்கும் பொத்தான். ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நிற்பாள். நான் சிரித்து ஊசியைத் தவற விடுவேன்.

பதினோராவதை எடுத்தது ஜூலை ஏழு, வெள்ளிக்கிழமை.

தாளைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்தேன். முன்பக்கம் திறப்பே இல்லை. ஊக்கு இல்லை, பொத்தான் இல்லை. முதுகு இரண்டு தனித் துண்டு. கழுத்திலும் இடுப்பிலும் நாடாவுக்குக் குறி. கைச்சுற்று ஒன்றரை அங்குலம் தாராளம். வழக்கமாகத் தாளை மடித்துப் பாதி உடம்பைத்தான் வரைவோம். வெட்டி விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். இதில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வரைந்திருந்தார்கள். வலது தோள் கால் அங்குலம் இறக்கம்.

கீழே ஒரு வரி. 'உள்ளே துணி விட வேண்டாம்.'

ரவிக்கை தைக்கிற யாரும் இதை எழுத மாட்டார்கள். பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு அங்குலமாவது துணி விட்டு மூன்று வரி தைப்போம். கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், உடம்பு போடும். அப்போது ஒவ்வொரு வரியாகப் பிரித்துக்கொள்ளலாம். துணி விடாமல் தைத்தால் சண்டைக்கு வருவார்கள்.

ஸ்ரீரஞ்சனிக்குப் போன் செய்தேன். "ஏதாவது வெள்ளைக்காரி ஃபேஷனா இருக்கும்க்கா. தாள்ல இருக்கிற மாதிரியே தைங்க. ஒரு நூல் மாறக் கூடாது."

மாறாமல் தைத்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

மதியம் செம்மொழிக்கு அதை மாட்டி முதுகில் நாடா கட்டினேன். மணி இரண்டு பத்து. மல் துணி அவள் மேல் பூசின மாதிரி உட்கார்ந்தது. வலது தோள் உட்பட. ஒன்பது வயதில் வாய்க்கால் கரையில் சைக்கிளோடு விழுந்து அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து வலது தோள் கால் அங்குலம் இறக்கம். எனக்கு மிஷினில் குனிந்து குனிந்து இடது தோள் இறக்கம்.

"உன்னையும் என்னையும் ஒட்டித் தெச்சா ஒரு நேரான ஆளு கிடைக்கும்" என்று அவள் எப்போதும் சொல்வாள். அன்றைக்கும் சொன்னாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, இதை நாமளா போட்டுக்க முடியாது போல. யாராவது போட்டு விடணும்" என்றாள்.

அப்போதுதான் கேட்டது.

க்ரச்... க்ரச்... க்ரச்...

கெட்டியான தாளைக் கத்தரிக்கோல் வெட்டுகிற சத்தம். என் முதுகுக்குப் பின்னால், வெட்டு மேஜையிலிருந்து. திரும்பினேன். மேஜை காலி. என் கத்தரிக்கோல் என் மடியில் இருந்தது.

"என்னக்கா?" என்றாள். அவளுக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை தன் ரவிக்கை தொளதொள என்று இருப்பதாகச் சொன்னாள். அளந்தேன். மார்பு முப்பது இருந்தவள், இருபத்தொன்பதரை. வெயிலுக்கு இளைத்திருப்பாள் என்று நினைத்தேன். அந்தப் பதினோராவது ரவிக்கையை எடுத்து மறுபடி மாட்டினேன். அரை அங்குலம் தொங்க வேண்டும்.

தொங்கவில்லை.

ரவிக்கையை அளந்தேன். இருபத்தொன்பதரை. அதை நான் தண்ணீரில்கூட நனைக்கவில்லை.

இரண்டு பத்து. க்ரச்... க்ரச்...

ஞாயிறு இருபத்தொன்பது. இரண்டும்.

திங்கள் இருபத்தெட்டு. இரண்டும்.

அன்று மதியம் சத்தம் ஓய்ந்ததும் உட்கார்ந்து ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்தேன். இரண்டு பக்கமும் ஒரு அங்குலத் துண்டு கொடுத்து, உள்ளேயும் துணி விட்டு, மூன்று வரி தைத்தேன். பெரிதாக்கினால் அவள் நிற்பாள் என்று தோன்றியது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"இவ்வளவு துணி விடுறியே. எத்தனை பிள்ளை பெத்துக்கணும் நான்?"

"நாலு பெத்துக்க."

"நீ வளப்பியா?"

"உன்னையே வளத்தேன். நாலு என்ன பெரிசா?"

சிரித்தாள். கழுத்தெலும்பு அசைவது தெரிந்தது.

செவ்வாய். இரண்டு பத்துக்குத் தொடங்கியது. இரண்டு பதினாலுக்கு நின்றது. மேஜைக்குக் கீழே பார்த்தேன்.

நான் கொடுத்த இரண்டு துண்டுகளும் தரையில் கிடந்தன. பிசிறில்லாமல் வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக.

ரவிக்கை ஹேங்கரில் இருந்தது. பக்கம் மூடித் தைத்திருந்தது. மிஷின் தையல் இல்லை. கைத்தையல். எறும்புக் கால் மாதிரி பொடிப்பொடியாக.

அளவு இருபத்தேழு.

அந்த நிமிஷமே ரவிக்கையையும் தாளையும் பையில் போட்டு ஸ்ரீரஞ்சனி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கடையில வெச்சுக்க முடியாதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை சத்தம் இல்லை. செம்மொழி நாலு தோசை சாப்பிட்டாள். அளந்தேன். இருபத்தேழேதான். குறையவில்லை. சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி அழுதேன்.

வியாழன். இரண்டு பத்து.

"அக்கா..."

"என்னம்மா?"

"யாரு பேப்பர் வெட்டறா?"

இந்தத் தடவை எனக்கு எதுவும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஜுரம். நூற்று மூன்று.

வெள்ளி, ஆஸ்பத்திரி. அது இல்லை, இது இல்லை என்றார்கள். எல்லா டெஸ்டும் எடுத்தார்கள்.

சனி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் கையைப் பிடித்திருந்தேன்.

இரண்டு எட்டு.

இரண்டு ஒன்பது.

...

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த தெரு அம்சம் அக்காதான் எங்கள் பக்கத்தில் இறந்த பெண்களைக் குளிப்பாட்டி உடுத்துகிறவர். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகத் தைத்திருந்த நீல ரவிக்கையைக் கொடுத்தேன். உள்ளே மூன்று வரி தையல் இருந்தது.

அம்சம் அக்கா அவள் கையைத் தூக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

"கத்திரி எடு எழிலு. முதுகை ரெண்டாக் கீறு. கையையும் ஒரு ஒண்ணரை அங்குலம் தாராளமா விடு. அப்பத்தான் முன்னால இருந்து நுழைக்க முடியும். பின்னால நாடா வெச்சு முடிஞ்சுக்கலாம்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எல்லாருக்கும் இப்படித்தாம்மா. தையல்காரி, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் தைத்திருக்கிறேன்.

கீறினேன். முதுகு இரண்டு துண்டாக விரிந்தது. அந்த வடிவத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை வெட்டியிருந்தேன். இனி இளைக்கவோ பருக்கவோ போகாத உடம்புக்கு எதற்கு உள்ளே துணி?

பதினாறாம் நாள் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் ஏழாம் தேதி ஸ்ரீரஞ்சனி வந்தாள். கையில் அந்தத் தகரப் பெட்டி. அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. துக்கம் கேட்டுவிட்டுப் பெட்டியை என் முன்னால் திறந்து வைத்தாள். பிறகு, "இது நீங்க வெட்டி வெச்சதாக்கா?" என்று கேட்டாள்.

பெட்டியில் பன்னிரண்டு இருந்தன.

பன்னிரண்டாவது புதுத் தாள். முன்பக்கம் திறப்பு இல்லை. முதுகு இரண்டு துண்டு. மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பத்து மூன்று. இடது தோள் கால் அங்குலம் இறக்கம்.

என்னை இதுவரைக்கும் யாரும் அளந்ததில்லை. என் ரவிக்கையை நானே தைத்துக்கொள்கிறேன். என் தோள் இறக்கம் தெரிந்தவள் ஒருத்திதான்.

மற்ற பதினொன்றிலும் இருந்த கையெழுத்து இதில் இல்லை. ஊதா பென்சில்தான். ஆனால் எழுத்து உருண்டை உருண்டையாக, கரும்பலகைக்குப் பழகின மாதிரி இருந்தது.

'உள்ளே துணி விட வேண்டாம், அக்கா.'