மூர்த்தி அண்ணனை அன்ப்ளாக் செய்துவிட்டார்கள்

இன்று காலை செவிலிமேட்டில், எங்கள் எதிர்வீட்டு மூர்த்தி அண்ணன் சாவுக்கு எம்.எல்.ஏ. வந்தார். கூடவே கேமராவோடு அவருடைய ஃபேஸ்புக் அட்மின்.

எம்.எல்.ஏ. மாலை போட்டார்.

"தலைவரே, உங்க முகம் சரியா வுழல. இன்னொரு வாட்டி போடுங்க" என்றான் அட்மின்.

அண்ணன் மார்பிலிருந்து மாலையை எடுத்து, மறுபடியும் போட்டார்.

பிறகு அட்மின் போனோடு அண்ணியிடம் வந்தான். "போஸ்ட்ல அவர டேக் பண்ணணும்மா. பேரு அடிச்சா ஐடியே வர மாட்டேங்குது."

அழுதுகொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். "எப்படிபா வரும்? தெருக் கால்வாய்க்கு மூடி போடச் சொல்லி உங்க பேஜ்ல தெனமும் எழுதிக்கினே இருந்தாரு. நீங்கதான அவர ப்ளாக் பண்ணீங்க?"

அந்தக் கால்வாயில்தான் முந்தாநாள் மழையில் அண்ணன் பைக்கோடு விழுந்தார்.

அட்மின் கொஞ்சம்கூட அசரவில்லை. "அப்படியாமா? இதோ எடுத்துடறேன்."

எடுத்தான். டேக்கும் செய்துவிட்டான்.

மூடி கேட்டதற்கு ப்ளாக். விழுந்து செத்ததும் அன்ப்ளாக்.

நம் தொகுதியில் இன்னும் ப்ளாக்கில் இருப்பவர்கள் யார் யார், கமென்டில் சொல்லுங்கள். கால்வாய் திறந்துதான் இருக்கிறது.