பகலில் விளக்கு எரியாத கட்டடம்

ஏலக்காய்ச் சந்தைக்குப் பேர்போன போடியில் சிறுதொழில் செய்பவர்களுக்காக என் மனையில் சரக்கும் வைத்துக்கொள்ளும்படி ஐந்து அறைகள் கொண்ட அலுவலகக் கட்டடம் கட்டினேன். பகலில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம். கூரையில் கண்ணாடி ஓடுகள் பதித்து, சுவர்களில் காற்றுக்கு இடைவெளி விட்டேன். தெருவில் போகிறவரையெல்லாம் இழுத்துவந்து காட்டினேன்.

முதல் அறையை எடுத்தவர் ஏலக்காய் வியாபாரி ராஜாத்தி அக்கா. ஒரு தட்டில் பச்சைக் காய்களைப் பரப்பி மேசைமேல் வைத்தார். ஆனால் ஏலக்காய் மூட்டைகள் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினம் இரண்டு தடவை கேட்டேன். "வரும் தம்பி, என்ன அவசரம்" என்பார்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "இங்கன வா, இதப் பாரு." தட்டில் இருந்த காய்கள் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருந்தன.

"பழைய காயா இருக்கும்க்கா."

அவர் பையிலிருந்து ஒரு கறுப்புப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதே காய்தான், பச்சை மாறாமல் இருந்தது.

"வெளிச்சம் பட்டா வெளுத்துரும்ல? போடியில பொறந்துட்டு இது தெரியாதா? மொத்த மூட்டையையும் எறக்கியிருந்தா என் பொழப்பு என்னாகுறது?"

எங்கள் வீட்டு ஏலக்காயும் மூடிய தகர டப்பாவில்தான் இருக்கிறது. தினம் அதைத் திறந்து டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் கண்ணாடி ஓடு பதிக்கப் போயிருக்கிறேன்!

இப்போது அறை கேட்டு வருபவர்களிடம் நான் பெருமை பேசுவதில்லை. கொஞ்சம் சரக்கை ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அக்காவின் அறைக்கு மண் ஓடு போட்டு, இடைவெளிகளையும் அடைத்துவிட்டேன். அங்கே மட்டும் பகலிலும் விளக்கு எரிகிறது.