பின்சுவரில் தொங்கிய ஏ.சி. பெட்டிகள்

தெலுங்கு பேசும் ஊரான குஷாய்குடாவில் மின்சார ஆபீசில் பதினெட்டு வருஷம் அட்டெண்டராக இருந்தேன். லைன்மேனாக இருந்த என் வீட்டுக்காரர் போனபின் கிடைத்த வேலை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எந்தக் கம்பத்திலிருந்து எந்த வீட்டுக்கு லைன் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு வெயில் காலத்தில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் தினமும் சாயங்காலம் ஃபியூஸ் போனது. எதிர்வீட்டு கணேசன் சார், ஃபேக்டரியில் இருந்து ரிட்டயரானவர், ஆபீசுக்கே வந்து கத்தினார்.

"என் சம்சாரம் ஆக்சிஜன் மெஷின்ல இருக்கா. தினம் கரண்ட் போனா அவளைத் தூக்கிட்டு எங்க ஓடறது?"

எங்கள் ஆபீஸ் இன்ஜினியரான ஏ.ஈ. மேடம் தெலுங்குக்காரர். என்னிடம் அரைத் தமிழில் பேசுவார். "பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டேன் அம்மா. பேப்பர்ல லோடு கம்மி, நக்கோ, வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க."

பேப்பரில் கம்மிதான். ஏ.சி. வாங்கினவர்கள் யாரும் கூடுதல் லோடு, அதாவது இனி எவ்வளவு கரண்ட் இழுப்போம் என்று, ஆபீசில் எழுதிக் கொடுக்கவில்லையே. மறுநாள் மத்தியானம் பின்சந்தில் நடந்து, சுவரில் தொங்கிய ஒவ்வொரு பெட்டிக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டேன். கணேசன் சார் வீட்டுக்கு மூன்று கோடு.

அவர் ஜன்னலைத் திறந்தார். "எதுக்கு எண்ணுறீங்கம்மா? ஃபைன் போடவா?"

"இல்ல சார். எல்லாரும் லோடு எழுதிக் குடுத்தாத்தான் பெரிய டிரான்ஸ்பார்மர் வரும்."

"ஊருக்கு உபதேசமா? உங்க வீட்டுப் பெட்டிக்குக் கோடு போட்டாச்சா?"

நோட்டைப் பார்த்தேன்; எங்கள் வீட்டுக்குக் கோடே இல்லை. மகன் வாங்கி மாட்டிய ஏ.சி. அது. அதே ஆபீசில் இருந்தும் நான் எழுதிக் கொடுக்கவில்லை.

அன்றே ஃபாரம் வாங்கிக் கையெழுத்துப் போட்டு மேடம் மேஜையில் வைத்தேன். திட்டுவார் என்று நின்றேன். "இந்தத் தெருவுல முதல் ஃபாரம் உங்களதுதான் அம்மா" என்று சொல்லி நாற்காலியைக் காட்டினார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

ஃபாரத்துக்குக் கிடைத்த ரசீதை கணேசன் சாரிடம் காட்டினேன்.

"ஆபீசுக்குள்ளயே இருந்துக்கிட்டு ஒளிச்சிருக்கீங்க! நாங்க எல்லாம் சின்னத் திருடங்க" என்று சிரித்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வீடு வீடாக வந்தார்.

தெருவில் எல்லாரும் எழுதிக் கொடுத்த ஃபாரங்களை வைத்துத்தான் மேடம் எஸ்டிமேட் போட்டார். பெரிய டிரான்ஸ்பார்மர் வந்து, அதில் கரண்ட் விட்ட அன்று சாயங்காலம் தெருவில் எல்லா ஏ.சி.யும் ஓடின. ஃபியூஸ் போகவில்லை. கணேசன் சார் வெளியே வந்து, "மெஷின் ஓடுதும்மா. அவ தூங்குறா" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜனங்களிடம் லோடு கேட்கப் போகும் முன் உங்கள் வீட்டு லோடை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எனக்கு இதைக் கற்றுக் கொடுத்த கணேசன் சார் கோபத்தில்தான் கேட்டார். கேட்டாரே, அதற்கு இன்றும் நன்றி.