பிரேக் மாஸ்டரின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில். அது பெரும்பாலும் சும்மா இருக்கும். இன்னொன்று பக்கத்து இருக்கையில் இருக்கும் மாஸ்டரின் காலடியில். அதை நம்பித்தான் ஊர்ச்சனம் தெருவைக் கடக்கிறது. இந்த மாஸ்டரின் கார் இருபத்திரண்டு வருடங்களில் யாருடைய சைக்கிள் மணியையும் நசுக்கியதில்லை. மாணவர்கள் அவருக்கு ‘பிரேக் மாஸ்டர்’ என்று பெயர் வைத்ததில் பாதி மரியாதை, பாதி வயிற்றெரிச்சல். அவர்கள் கால் யோசித்து முடிப்பதற்குள் அவர் கால் போய் வேலையை முடித்திருக்கும். வண்டியை நானே நிறுத்தினேன் என்று வீட்டில் போய்ப் பீற்றிக்கொள்ள ஒருவருக்கும் வாய்ப்புக் கிடைத்ததில்லை.

குடலிறக்கம் வந்ததும் தொழிலால்தான். ஒரு மேட்டில் பாதியில் நின்றுபோன காரை, உள்ளே மாணவி கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பின்னாலிருந்து தனியாளாகத் தள்ளினார். அன்று சாயங்காலம் வலது தொடையிடுக்குக்கு மேலே எலுமிச்சை அளவுக்கு ஒன்று புடைத்திருந்தது. படுத்தால் உள்ளே போனது, இருமினால் எட்டிப் பார்த்தது. அதைக் கையால் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினார்.

“அதென்ன தபால் பெட்டியா, அப்பப்போ உள்ள தள்ளிட்டே இருக்கறதுக்கு?” என்றாள் மனைவி. அவர்களுடைய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் தொலைபேசி, நேர அட்டவணை, மாஸ்டரின் உடம்பு மூன்றும் அவள் பொறுப்பில் இருந்தன. “நாளைக்கு ஒம்பது மணி கிளாஸை ரத்து பண்ணிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

அறுவை சிகிச்சை ஒழுங்காகத்தான் நடந்தது. டாக்டர் பிதுங்கியதை உள்ளே அனுப்பி, ஓட்டையின் மேல் கொசுவலைத் துண்டு போல ஒன்றை வைத்துத் தைத்தார். மறுநாளே வீடு. தையல் ஆறியது, நடை திரும்பியது. ஏழாவது வாரம் தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். முதல் சந்தியில் பிரேக்கை அழுத்தினார். இடுப்பெலும்பின் ஓரத்திலிருந்து தொடையின் உள்பக்கம்வரை யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை உருவியது போலிருந்தது.

விசித்திரம் என்னவென்றால், வேறெங்கும் வலிக்கவில்லை. மாடி ஏறினால் வலிக்கவில்லை. குனிந்து செருப்பை மாட்டினால் வலிக்கவில்லை. சற்றே சாய்ந்த அந்த இருக்கையில், முழங்கால் அரை மடக்கில் இருக்க, வலது காலை வெடுக்கென்று நீட்டி மிதித்தால் மட்டும் வலித்தது. உலகத்தில் ஆயிரம் அசைவுகள் இருக்க, வலி அவருக்குச் சோறு போடும் அசைவாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்திருந்தது.

டாக்டரிடம் போனார். படுக்கச் சொன்னார்கள், படுத்தார். அழுத்தினார்கள், இருமச் சொன்னார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள். “வலிக்குதா?” “இப்ப இல்ல சார்.” ஸ்கேன் எடுத்தார்கள். “வலை வெச்ச இடத்துல அழகா உக்காந்திருக்கு. உள்ள ஆறுறதுக்குக் கொஞ்ச நாளாகும்,” என்றார் டாக்டர். வலியே இல்லாமல் படுத்துக்கொண்டு வலியைப் பற்றிப் புகார் சொல்வது பொய் சொல்வது போலப் பட்டது மாஸ்டருக்கு. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

அதன்பின் அவர் செய்த தவறை வேறு தொழிலில் உள்ள ஒருவர் செய்திருக்க முடியாது. காலுக்குப் பதில் வாயை வைத்து ஓட்ட ஆரம்பித்தார். இருபது அடிக்கு முன்பே “பிரேக்! பிரேக்!” என்று கத்துவார். தவிர்க்கவே முடியாதபோது மட்டும் மிதிப்பார். மிதிக்கும்போது முகம் கோணும். ஒவ்வொரு மாணவரும் அந்தக் கோணலைத் தன் ஓட்டுதலுக்குக் கிடைத்த மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டு, வெட்கப்பட்டு, அடுத்த முறை தானே முந்திக்கொண்டு பிரேக் போட்டார். விளைவு, அந்தக் காலாண்டில் போனவர்களில் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் முதல் தேர்விலேயே தேறினார்கள். ஆரோக்கியமாக இருந்த காலத்தில் இப்படி ஒருமுறையும் நடந்ததில்லை. தொலைபேசி ஓயாமல் அடித்தது. மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. மாஸ்டர் வலியை மென்று முழுங்கினார்.

அந்தக் கூட்டத்தில் தேறாத ஒரே ஆள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மூன்று முறை தோற்று, நான்காவதுக்குப் பயிற்சியில் இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காய்கறிக் கடை வளைவில், ஒரு பெரியவர் சைக்கிளோடு குறுக்கே வந்தார். மாஸ்டர் கத்தினார். டீச்சர் உறைந்துபோனார். மாஸ்டரின் கால் எழுந்தது, வலியை நினைத்து ஒரு நொடி தயங்கியது, பிறகுதான் மிதித்தது. கார் நின்றபோது சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் பம்பருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. பெரியவர் இருவரையும் சேர்த்து வைதுவிட்டுப் போனார்.

டீச்சர் எஞ்சினை அணைத்தார்.

“மாஸ்டர், உங்களுக்கு எங்க வலிக்குது?”

“வலியா? ஒண்ணுமில்லையே.”

“முப்பத்தோரு வருஷம் பரீட்சை ஹால்ல மூஞ்சி பாத்தவ நான். யார் பிட்டு வெச்சிருக்கான், யாருக்கு வயித்து வலின்னு பத்தடி தூரத்துல சொல்லிடுவேன். நான் தப்பு பண்ணும்போது உங்க மூஞ்சி மாறல. உங்க கால் போகும்போதுதான் மாறுது.”

மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும், “இந்தக் கால் சரியாகற வரைக்கும் நான் இந்த சீட்ல உக்காரக் கூடாது டீச்சர். சரியாகலேன்னா பள்ளிக்கூடத்த மூடிட வேண்டியதுதான்,” என்றார். யாரும் கேட்காமலே வழங்கிய தீர்ப்பு. அதனால் மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

வீட்டில் மனைவி முதலில் அழுதாள், அடுத்து திட்டினாள், பின் அட்டவணையைத் திறந்து அத்தனை வகுப்புகளையும் அடித்தாள். “மூணு மாசமா கம்பி வெச்சு இழுக்குதாம், என்கிட்ட சொல்ல வாய் வரலையாம். ‘பிரேக் பிரேக்’னு ஊரையே கூட்டறதுக்கு மட்டும் வாய் வருது!”

“டாக்டர்கிட்ட போனா வலிக்க மாட்டேங்குதேம்மா.”

“கார்லதானே வலிக்குது? அப்ப காரைக் கூட்டிட்டுப் போவோம்.”

அப்படித்தான் மறுநாள் ஆஸ்பத்திரி வாகன நிறுத்துமிடத்தில், கூரையில் பெயர்ப்பலகை மாட்டிய பயிற்சிக் கார் வந்து நின்றது. மனைவி உள்ளே போய் என்ன பேசினாளோ, பத்து நிமிடத்தில் டாக்டரையே கையோடு அழைத்துவந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டோடு அவர் காரின் கதவருகே மண்டியிட்டார். காவலாளி உட்பட ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

“மிதிங்க பாப்போம்.”

மாஸ்டர் மிதித்தார். முகம் கோணியது. டாக்டர் தழும்பின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தார். “இப்ப மறுபடியும்.”

மாஸ்டர் போட்ட சத்தத்தில் காவலாளி இரண்டடி பின்வாங்கினார்.

டாக்டர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் சங்கடமும் சந்தோஷமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. “ஒரு சின்ன நரம்பு தையல்லயோ வலையிலயோ மாட்டியிருக்கணும். படுத்திருந்தா அது தளர்வா இருக்கும், நீங்க இப்படி மிதிச்சா விறைக்கும். இந்த அளவுக்கு வர்றது அபூர்வம். நான் உங்கள உக்கார வெச்சே பாக்கல. தப்பு என்னோடதுதான்.”

“அபூர்வமா?” என்றாள் மனைவி. “இவருக்குக் குலுக்கல்ல ஒரு டம்ளர்கூட விழுந்ததில்ல டாக்டர்.”

அந்த இடம் மரத்துப்போக ஓர் ஊசி போட்டார்கள். திரும்பக் காரில் உட்கார்ந்து மிதித்தால் வலி இல்லை. மூன்று மணி நேரம் கழித்து மருந்து இறங்கியதும் பழைய கம்பி திரும்பி வந்தது. மாஸ்டருக்கு அன்று அந்த வலி வந்ததிலும் ஒரு நிம்மதி. திருடனின் வீடு தெரிந்துவிட்டதே. இரண்டு முறை ஊசி போட்டும் நிலைக்கவில்லை. கடைசியில் டாக்டர் மறுபடி திறந்து அந்த நரம்பை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். ஒரு கையகலத் தோல் உணர்வில்லாமல் போகும். வலி போகும் என்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு, உறுதிச்சீட்டு கிடையாது.

“உணர்ச்சி போனா போகட்டும் சார். அந்த இடத்த வெச்சு நான் என்ன செய்யப் போறேன்?” என்றார் மாஸ்டர்.

அந்த அறுவை முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஓடாத காரில் நூறு முறை மிதித்துப் பார்த்த பிறகே, மனைவி ஒரே ஒரு வகுப்பை மட்டும் எழுதினாள். வந்தது கணக்கு டீச்சர். அகலமான சாலை, காலை நேரம். ஒரு வாசலிலிருந்து பால் வண்டி திடீரென்று பின்னோக்கி வெளியே வந்தது. மாஸ்டர் கத்தவில்லை. கால் தானாகப் போனது, யோசிக்காமல், தயங்காமல். கார் நன்றாகவே தள்ளி நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

“மாஸ்டர்! என் கால் பிரேக் மேலதான் இருந்துச்சு. நானே நிறுத்தியிருப்பேன்!” என்று டீச்சர் சீறினார்.

“தெரியும் டீச்சர்.”

“தெரிஞ்சும் எதுக்கு மிதிச்சீங்க?”

மாஸ்டர் பால் வண்டி விலகிப்போகும்வரை காத்திருந்துவிட்டு, இருபத்திரண்டு வருடத்தில் எந்த மாணவரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“இன்னும் கொஞ்சம் வேகமா போங்க டீச்சர். இன்னொரு தடவை பிரேக் பிடிச்சுப் பாக்கணும்.”

டீச்சர் அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, மூன்றாவது கியருக்குப் போனார்.